நூற்று முப்பத்திரண்டாவது வேஷம்

காலை ஐந்தே காலுக்கு எழுந்திருப்பேன். குழாயில் ஆறு மணிவரைதான் தண்ணீர் வரும். இரண்டு வாளி, ஒரு அண்டா பிடிப்பேன். பால் பூத்துக்குப் போய் வருவேன். ஸ்டவ்வைப் பம்ப் அடித்துப் பாலைக் காய்ச்சுவேன். காபி. ஷேவ். குளியல். ரொட்டி நான்கு துண்டு, மேலே ஜாம். ஆறு நாற்பதுக்கு, செகந்திராபாத் லோத்குண்டா முனையில் கம்பெனி பஸ். இடது பக்கம் நான்காவது ஜன்னல். ஏழு இருபதுக்குப் பாலாநகர். அதன்பிறகு எட்டு மணி நேரம் மீட்டர்கள் சரியாகக் காட்டுகின்றனவா என்று பார்ப்பேன்.

என் மனைவி கல்பகம் இறந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. அந்த ஏழு மாதமும் இந்த வரிசை மாறவில்லை.

1982 மார்ச்சில் ஒரு புதன்கிழமை மாறியது. பஸ் நிற்கும் இடத்தில் வாரன் நின்றுகொண்டிருந்தார். ஆறடிக்கு மேல் உயரம், நாற்பத்தைந்து வயது, வெயிலில் சிவந்த மூக்கு, கதர் ஜிப்பா. பட்டான்செருவிலிருந்து நைட் ஷிஃப்ட் முடிந்து திரும்புகிறவர்களோடு ஆட்டோவில் இடித்துப் பிடித்து உட்கார்ந்து வந்திருக்கிறார். ஜிப்பாவில் மாத்திரைத் தொழிற்சாலை வாசனை அடித்தது. என்னைப் பார்த்ததும் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு தமிழில் சொன்னார்:

"அய்யரே, உன் மனுவைப் படித்தேன்."

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

வாரன் அமெரிக்கர். அவருக்குத் தமிழில் நாற்பத்தோரு வாக்கியங்கள் தெரியும். எல்லாமே ஒரு நாடகத்தில் வெள்ளைக்காரக் கலெக்டர் பேசுகிறவை. அவற்றை வைத்துக்கொண்டே ஊரில் காலம் தள்ளிவந்தார். ஆட்டோவை நிறுத்த, "யாரங்கே, குதிரையைக் கட்டு" என்பார். ஓட்டுபவருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் நிற்கும்.

மற்றதை இங்கிலீஷில் சொன்னார்.

"என்னை ஊருக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். லூயிவில். ஆறு நாடகம். அடுத்த வியாழக்கிழமை விமானம்."

"சந்தோஷம்."

"நின்றுபோன நாடகத்துக்கு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஸ்கூல் ஹால் கிடைக்கிறது. லக்ஷ்மிநாராயணனிடம் பேசிவிட்டேன். எல்லோரும் தயார். பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுக்கத்தான் ஆள் இல்லை."

"பட்டு மாமி இருக்கிறாரே."

"மாமிக்கு மேடையில் வேஷம் இருக்கிறது. அதோடு, மாமி ரகசியம் பேசினால் மாரேட்பள்ளி பஸ் ஸ்டாப்பில் கேட்கிறது."

"எனக்குப் பழக்கம் இல்லை."

"கல்பகத்தின் நோட்டு உங்கள் வீட்டில்தானே இருக்கிறது."

பஸ் வந்தது. ஏறிக்கொண்டேன். வாரன் ஜன்னல் பக்கம் வந்து நின்றார். அவருடைய முகம் ஜன்னல் உயரத்துக்கு இருந்தது.

"உனக்கு மூன்று நாள் அவகாசம் தருகிறேன்" என்றார், கலெக்டர் குரலில்.

டிரைவர் சிரித்து, கியரைத் தவறாகப் போட்டார்.

*

வாரனின் மனைவி ஹெலன் சோள ஆராய்ச்சி செய்கிறவர். பட்டான்செருவுக்கு அப்பால் இருக்கும் பயிர் ஆராய்ச்சி நிலையத்தில் மூன்று வருஷ வேலை. வாரன் கூடவே வந்துவிட்டார். அவருக்கு இங்கே வேலை கிடையாது. அவருடைய வேலை நாடகத்தில் நடிப்பது.

இருபத்திரண்டு வருஷம் நடித்திருக்கிறார். நியூயார்க்கில் ஒரு நாள்கூட இல்லை. சினிமாவிலும் இல்லை. லூயிவில், மில்வாக்கி, க்ளீவ்லண்ட் என்று நாங்கள் பெயர் கேட்டிராத ஊர்கள். அந்த ஊர்களில் ஊருக்கென்றே ஒரு நாடகக் குழு இருக்குமாம். பகலில் ஒரு நாடகத்துக்கு ஒத்திகை, மாலையில் வேறொரு நாடகம் மேடையில். இந்த மாதம் ராஜா, அடுத்த மாதம் அந்த ராஜாவின் சமையல்காரன்.

சட்டைப்பையில் ஒரு கறுப்புக் குறிப்புப் புத்தகம் வைத்திருந்தார். போட்ட வேஷங்களின் பட்டியல். எண், வேஷம், ஊர், எத்தனை காட்சி. நூற்று முப்பத்தொன்றில் நின்றிருந்தது. அதில் ஏறுவதற்கு ஒரு விதி உண்டு. ஜனங்கள் முன்னால் கடைசித் திரை விழும்வரை நடித்திருக்க வேண்டும். மனப்பாடம் செய்து மேடையேறாத வேஷம் கணக்கில் சேராது.

கல்பகம் ஒரு சனிக்கிழமை அவரிடம் கேட்டாள், நியூயார்க் போகவில்லையே என்று வருத்தம் இல்லையா என்று.

"லூயிவில் மளிகைக்கடைக்காரர் என்னைப் பார்த்தால், அடுத்த மாதம் யாராக வருகிறாய் என்று கேட்பார். எனக்கு முதல் நரை வந்ததை அந்த ஊர் மேடையில் பார்த்திருக்கிறது. நியூயார்க்கில் யார் பார்ப்பார்கள்?" என்றார் வாரன்.

"அப்போ நீங்க எங்க ஜாதிதான்" என்றாள் கல்பகம். "எங்களையும் மெட்ராஸ் பாத்ததே இல்லை."

எங்கள் குழு பற்றி அவள் சொன்னது உண்மை. பெயர் மாரேட்பள்ளி நண்பர்கள் நாடக மன்றம். எழுதுவது, இயக்குவது, கதாநாயகனாக நடிப்பது எல்லாம் லக்ஷ்மிநாராயணன். பாதுகாப்புத் துறை ஆய்வுக்கூடத்தில் ஸ்டோர்ஸ் அதிகாரி. வயது ஐம்பத்து மூன்று. கதாநாயகன் எல்லா நாடகத்திலும் இருபத்தைந்து வயது வாலிபன்.

'துரையின் கையெழுத்து' அவருடைய பெரிய வெற்றி. ஐந்து முறை போட்டாகிவிட்டது. கதை எளிது. சுதந்திரப் போராட்டத்தில் சேர்ந்த பள்ளி ஆசிரியரைத் தீவுச் சிறைக்கு அனுப்பும் உத்தரவில் கலெக்டர் கையெழுத்திட வேண்டும். கடைசிக் காட்சியில் கலெக்டர் பேனாவை எடுக்கிறார். எல்லோரும் நடுங்குகிறார்கள். "இந்தப் பேனாவில் மை இல்லை" என்று சொல்லிப் பேனாவை வைத்துவிடுகிறார். திரை. ஐந்து முறையும் கலெக்டர், எங்கள் தொழிற்சாலை பாலசுப்ரமணியன். முகம் முழுக்கப் பவுடர், சணல் விக். கடைசி வசனத்தை மேஜையை ஓங்கிக் குத்திச் சொல்வார். பெங்களூருக்கு மாற்றலாகிப் போனார். விக் எங்களிடமே இருக்கிறது.

கல்பகம் மேடையேறியதில்லை. அவள் ப்ராம்ப்டர். பக்கத் திரைக்குப் பின்னால் நோட்டோடு நின்று ஒவ்வொரு வசனத்தையும் முன்கூட்டியே எடுத்துக் கொடுப்பவள். அவளுக்கு வேலை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில், ட்ரங்க் ஆபரேட்டர். தாழ்ந்த குரலில் தெளிவாகப் பேசுவது அங்கே பழகியது. எங்கள் நடிகர்கள் ஆபீஸ் போகிறவர்கள். பாதி வசனத்துக்கு மேல் யாரும் பாடம் செய்வதில்லை. மீதிப் பாதி கல்பகத்தின் பொறுப்பு. முதல் வரிசைக்கு அவள் குரல் நன்றாகவே கேட்கும். அங்கே உட்கார்ந்தால் நாடகத்தை ஒரே டிக்கெட்டில் இரண்டு தடவை கேட்கலாம் என்பார் ரிடையரான நாராயணஸ்வாமி. ஐந்து முறையும் முதல் வரிசையில் உட்கார்ந்தவர்.

1981 பிப்ரவரியில் ஐந்தாவது முறை போட்டபோது, ஹெலனின் ஆபீஸ் நண்பர் யாரோ அழைத்து வாரன் வந்திருந்தார். ஒரு வார்த்தைகூடப் புரியாமல் மூன்று மணி நேரம் முதல் வரிசையில் இருந்தார். முடிந்ததும் பின்னால் வந்தார். லக்ஷ்மிநாராயணன் மாலையோடு முன்னால் வந்து நின்றார். வாரன் அவரைத் தாண்டி எட்டிப் பார்த்து, "திரைக்குப் பின்னால் நடித்தது யார்?" என்று கேட்டார்.

பாலசுப்ரமணியன் போன பிறகு வாரனைக் கலெக்டராக்கலாம் என்றது கல்பகம். "பவுடர் மிச்சம்" என்றாள்.

ஏப்ரலிலிருந்து ஜூலைவரை சனிக்கிழமைதோறும் வாரன் லோத்குண்டாவுக்கு வந்தார். கல்பகம் அவர் வசனத்தை இங்கிலீஷ் எழுத்தில் எழுதிக் கொடுத்தாள். அவள் சொல்வாள், அவர் திருப்பிச் சொல்வார். நான் உள்ளே காபி போடுவேன், அடை வார்ப்பேன். அவள் அவரை வரதன் சார் என்று கூப்பிட்டாள். எங்கள் தெருவும் அப்படியே கூப்பிட்டது. நாடக நோட்டீஸில் லக்ஷ்மிநாராயணன் 'அமெரிக்கப் புகழ் வரதன்' என்றே அச்சடித்துவிட்டார்.

ஆகஸ்ட் பதினாறு, ஞாயிற்றுக்கிழமை நாடகம். பன்னிரண்டாம் தேதி கல்பகத்துக்குக் காய்ச்சல். மறுநாள் ஆஸ்பத்திரி. மூளைக் காய்ச்சல் என்றார்கள். பதினான்காம் தேதி காலை தெளிவாக இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் நோட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றாள். சரி என்றேன். மாலை நாலு மணிக்கு ஒரு வாக்கியம் சொன்னாள். பிறகு தூங்கினாள். மறுநாள் விடியும்போது இல்லை.

நாடகம் நின்றுபோனது.

கடைசியாக என்ன சொன்னாள் என்று எல்லோரும் கேட்டார்கள். அவளுடைய அம்மா, பெருமாள் பெயரைச் சொல்லியிருப்பாள் என்றார். அவள் ஒன்றும் சொல்லவில்லை என்று சொல்லிவிட்டேன். அந்த வாக்கியம் யாரைப் பற்றியது என்றே எனக்குப் புரியவில்லை. காய்ச்சல் பேச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் வாரன் வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உறவுக்காரர்கள் நடுவில் குனிந்து வந்தார். இங்கிலீஷில் பேச வேண்டாம் என்று நினைத்திருக்கிறார். அவர் பாகத்தில் அன்பாக ஒரே வாக்கியம்தான் உண்டு. ஆசிரியரின் மனைவியிடம் கலெக்டர் சொல்வது. அதைச் சொன்னார்.

"வெளியே மழை பெய்கிறது. குடை எடுத்துக்கொண்டு போ."

வெளியே நல்ல வெயில். நான் சிரித்துவிட்டேன். என் மாமா என்னைத் தனியாக அழைத்துப் போய்த் தண்ணீர் கொடுத்தார்.

*

வாரன் பஸ் ஸ்டாப்புக்கு வந்த அந்தப் புதன்கிழமை மாலை நோட்டைத் தேடினேன். தேட வேண்டியிருக்கவில்லை. தையல் மெஷின் மேல், வைத்த இடத்திலேயே இருந்தது. திறந்து பார்த்தேன். யார் எந்தப் பக்கம் வர வேண்டும் என்று அம்புக்குறி. யார் எங்கே மறப்பார்கள் என்று சிவப்பு மை. லக்ஷ்மிநாராயணனின் வசனம் முழுவதும் சிவப்பு. கடைசிப் பக்கத்தில் 'கலெக்டர் பேனாவை எடுக்கிறார்' என்பதற்குக் கீழே நான்கு வரி இடம் வெறுமையாக விட்டிருந்தது. அதற்குக் கீழே கடைசி வசனம். கல்பகம் காகிதத்தை வீணாக்கமாட்டாள். பால்கணக்கை ட்ரங்க் கால் சீட்டின் பின்பக்கத்தில் எழுதுவாள். ஏன் இடம் விட்டாள் என்று தெரியவில்லை. பக்கத்தைத் திருப்பிவிட்டேன்.

லக்ஷ்மிநாராயணன் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன், நானே நிற்கிறேன் என்று.

"ஜம்பு, நீ பேசியே நான் கேட்டதில்லையேடா" என்றார்.

"படிக்கத் தெரியும்."

"அது போதும். பேசத் தெரிஞ்சவாளை வெச்சுண்டுதான் நான் படற அவஸ்தை."

வியாழனும் சனியும் ஒத்திகை. முதல் நாள் என் குரல் யாருக்கும் கேட்கவில்லை. பட்டு மாமி ஆசிரியரின் மனைவி வேஷம். வங்கியில் வேலை. கண்ணீர் விட்டுக்கொண்டே நடுவில் நிறுத்தி, "ஜம்பு, வாயைத் தெறந்து சொல்லு. நான் அழறதா, காதைத் தீட்டிக்கறதா?" என்றார்.

திரையும் விளக்கும் குணசேகரன் பொறுப்பு. அவர் குடும்பம் வெள்ளைக்காரப் பட்டாளத்தோடு செகந்திராபாத் வந்தது. தாத்தா காலத்திலேயே தமிழில் பாதி உருது கலந்துவிட்டது. 'ஏன்' அவருக்குக் 'கைக்கு', 'ஆமாம்' 'ஹவ்', 'வேண்டாம்' 'நக்கோ'.

"கைக்கு இவ்ளோ பயம் சார்? நான் பக்கத்துல நிக்கறேன். தப்புன்னா திரைய வுட்டுடறேன்" என்றார்.

"விட வேண்டாம்."

"ஹவ். நீங்க சொல்லாம வுடமாட்டேன்."

லக்ஷ்மிநாராயணன் எல்லோரையும் உட்கார வைத்து விதிகளைச் சொன்னார். முக்கியமானது ஒன்று.

"எங்கேயும் கேப் விழக்கூடாது. மேடையில சத்தம் நின்னா, கரண்ட் போயிடுத்துன்னு நெனைச்சுண்டு ஜனங்க எழுந்துடுவா. ரெண்டு செகண்டு பாரு. பேசலைன்னா எடுத்துக் குடு. வரதனுக்கும் அதேதான்."

இங்கிலீஷில் வாரனுக்கும் சொன்னார். வாரன் பணிவாகத் தலையாட்டினார். சனிக்கிழமை ஒத்திகையில் நாற்பத்தோரு வசனத்தையும் தடங்கலில்லாமல் ஒப்பித்தார். கடைசியில் மேஜையைக்கூடக் குத்தினார்.

"பாலசுப்ரமணியன் தோத்தான்" என்றார் லக்ஷ்மிநாராயணன்.

*

ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணி. ஹால் நிறைந்துவிட்டது. நிஜமான வெள்ளைக்காரன் கலெக்டராக வருகிறான் என்ற செய்தி பொலாரம்வரை போயிருந்தது. நாராயணஸ்வாமி முதல் வரிசையில் நடு நாற்காலியில் இருந்தார்.

இடது பக்கத் திரைக்குப் பின்னால் ஒரு ஸ்டூல். கல்பகம் அதில் உட்காரமாட்டாள், நிற்பாள். நானும் நின்றேன். குணசேகரன் ஒரு சின்ன பல்பை நோட்டுக்கு மேலே கட்டியிருந்தார்.

முதல் காட்சியில் லக்ஷ்மிநாராயணன் இரண்டு பக்கத்தைத் தாண்டினார். பிடித்துத் திருப்பிக் கொண்டுவந்தேன். பட்டு மாமிக்கு மூன்று முறை எடுத்துக் கொடுத்தேன். மூன்றாவது முறை மாமி திரைப் பக்கம் திரும்பி லேசாகத் தலையை அசைத்தார். என் குரல் போதுமான அளவுக்கு வந்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன்.

வாரன் உள்ளே வந்ததும் கைதட்டல். தட்டி முடியும்வரை சிலை மாதிரி நின்றார். பிறகு "அய்யரே, உன் மனுவைப் படித்தேன்" என்றார். மறுபடியும் கைதட்டல். எந்த வசனம் சொன்னாலும் தட்டினார்கள். எங்கள் காதில் அவர் தமிழ் எவ்வளவு தப்பாக விழுந்ததோ, கலெக்டருக்கு அது அவ்வளவு சரியாக இருந்தது. அவருக்கு நான் ஒரு முறையும் எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

இடைவேளையில் பிரதம விருந்தினர் மேடையேறிப் பொன்னாடை போர்த்துவது வழக்கம். அன்று வந்தவர் ஒரு தொழிற்சாலையின் ஜெனரல் மேனேஜர். வேஷத்தோடு எல்லோரும் வரிசையாக நின்றார்கள். வாரனின் ஊரில் கடைசித் திரை விழும்வரை வேஷத்தை விட்டு வெளியே வரமாட்டார்களாம். எங்களிடம் அதை அவர் சொல்லவில்லை. ஜெனரல் மேனேஜர் எட்டிப் பொன்னாடையைப் போர்த்திக் கை நீட்டினார். வாரன் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

"உனக்கு மூன்று நாள் அவகாசம் தருகிறேன்."

லக்ஷ்மிநாராயணனின் முகம் மேக்கப்பைத் தாண்டி வெளுத்தது. ஜெனரல் மேனேஜர் மைக்கை வாங்கினார்.

"எங்க தொழிற்சாலைல மினிஸ்ட்ரி ஒரு நாள்தான் குடுக்கறா. தொரை தேவலை" என்றார்.

சிரிப்பு அடங்க ஐந்து நிமிஷம் ஆனது.

கடைசிக் காட்சி. லக்ஷ்மிநாராயணன் கயிற்றால் கட்டப்பட்டு நடுவில். பட்டு மாமி தரையில். வாரன் மேஜைக்குப் பின்னால். உத்தரவு அவர் முன்னால் இருக்கிறது. 'கலெக்டர் பேனாவை எடுக்கிறார்.' எடுத்தார். மூடியைக் கழற்றினார்.

பேசவில்லை.

என் கையில் வினாடி முள் வைத்த கடிகாரம். இரண்டு வினாடி ஆயிற்று. வாயைத் திறந்தேன். வாரன் உத்தரவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகப் பட்டு மாமியைப் பார்த்தார். மறந்தவன் முகம் எனக்குத் தெரியும். ஞாபகம் வராதவன் என் பக்கம் பார்ப்பான். இரண்டரை மணி நேரமாக எல்லோரும் அப்படித்தான் பார்த்தார்கள். வாரன் என் பக்கம் பார்க்கவே இல்லை.

நோட்டைப் பார்த்தேன். நான்கு வரி வெறுமை.

ஆகஸ்ட் பதினான்காம் தேதி நாலு மணிக்குக் கல்பகம் சொன்ன வாக்கியம் யாரைப் பற்றியது என்று அப்போது தெரிந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

ஐந்து வினாடி. பட்டு மாமி இடைவெளியை நிரப்பப் புதிதாக ஒரு அழுகையை ஆரம்பித்தார். வாரன் அவரையே பார்த்தார். அழுகை பாதியில் நின்றது.

ஏழு வினாடி. லக்ஷ்மிநாராயணன் உதட்டை அசைக்காமல், "ஜம்பு, எடுத்துக் குடுடா" என்றார். கயிற்றில் கட்டுண்டவருக்கு அது பொருந்தத்தான் செய்தது.

ஒன்பது. முதல் வரிசையில் நாராயணஸ்வாமியால் தாங்க முடியவில்லை. "பேனா சார், பேனா. மை இல்லை" என்று உதவி செய்தார். வாரன் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தார். பிரிட்டிஷ் சாம்ராஜ்யம் முழுவதும் அந்தப் பார்வையில் இருந்தது. நாராயணஸ்வாமி குடையை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பதினொன்று. குணசேகரன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு என் காதில், "போச்சு சார். திரைய வுட்டுடவா?"

"நக்கோ" என்றேன்.

இருபத்தொன்பது வருஷம் இந்த ஊரில் இருந்து, நான் முதல் தடவையாகச் சொன்ன உருது அது. குணசேகரன் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

ஹாலில் மின்விசிறிச் சத்தம் மட்டும். கரண்ட் போய்விட்டது என்று யாரும் எழுந்து போகவில்லை. வாரன் பேனாவைக் காகிதத்தின் மேல் கொண்டுபோனார். நிப் படும் இடத்தில் நிறுத்தினார். திரும்ப எடுத்தார். மூடியைத் தேடிப் போட்டார்.

"இந்தப் பேனாவில் மை இல்லை."

மேஜையைக் குத்தவில்லை. சத்தமாகச் சொல்லவுமில்லை. ஆனால் கடைசி வரிசைக்குக் கேட்டது. பதினெட்டு வினாடி.

குணசேகரன் திரையை விட மறந்துவிட்டார். நான் அவர் கையைத் தட்டினேன். திரை பாதி இறங்கும்போதுதான் கைதட்டல் ஆரம்பித்தது. அது நிற்கச் சிறிது நேரம் ஆயிற்று. நாராயணஸ்வாமி பக்கத்து நாற்காலிக்காரரிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

"நான் அப்பவே சொன்னேன். இப்பதான் சொல்றான்."

*

மேக்கப் அறையில் வாரன் தேங்காய் எண்ணெயால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். வெளியே லக்ஷ்மிநாராயணன் ஜெனரல் மேனேஜரிடம் விளக்கிக்கொண்டிருந்தார்.

"அந்த கேப் நான் வெச்சது சார். ஒத்திகைல ஒருத்தரும் ஒத்துக்கலை. நான்தான் பிடிவாதமா நின்னேன்."

"என்ன சொல்கிறார்?" என்று வாரன் கேட்டார்.

சொன்னேன். வாரன் தலையாட்டினார்.

"எல்லா ஊரிலும் டைரக்டர்கள் இதைத்தான் சொல்வார்கள். ஒத்திகையில் தலையாட்டிவிட வேண்டும். மேடையில் செய்துவிட வேண்டும். மில்வாக்கியில் கற்றுக்கொண்டது."

பட்டு மாமி டிபன் பாக்ஸோடு உள்ளே வந்து எங்கள் இருவருக்கும் தயிர்சாதம் கொடுத்தார். வாரனிடம், "அப்படி மொறைக்கறேளே, எனக்கு நெஜமாவே அழுகை வந்துடுத்து. ஹெலனைக் கேட்டதாச் சொல்லுங்கோ" என்றார். வாரன் எழுந்து நின்று, "வெளியே மழை பெய்கிறது. குடை எடுத்துக்கொண்டு போ" என்றார். மாமி சிரித்துக்கொண்டே போனார்.

வாரன் கையைத் துடைத்துக்கொண்டு கறுப்புப் புத்தகத்தை எடுத்தார். நூற்று முப்பத்திரண்டு என்று எழுதினார். கலெக்டர். செகந்திராபாத். ஒரு காட்சி. மை காயும்வரை ஊதினார். அவர் பேனாவில் மை இருந்தது.

"ஒன்று கேட்க வேண்டும்" என்றார். "நீங்கள் எடுத்துக் கொடுத்துவிடுவீர்கள் என்று பயந்துகொண்டிருந்தேன். கொடுத்திருந்தால் அந்த இடம் போயிருக்கும். கல்பகமும் நானும் அதைச் சனிக்கிழமைகளில் செய்து பார்த்தோம். அவள் எண்ணுவாள். உங்களிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் லக்ஷ்மிநாராயணன் காதுக்குப் போய்விடும். உங்களுக்கு எப்படித் தெரிந்தது?"

தயிர்சாதத்தை முடித்தேன். யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னேன். ஆஸ்பத்திரி, நாலு மணி, எனக்குப் புரியாமல் போனது. இங்கிலீஷில் சொன்னேன். அர்த்தம் சரியாகவே வந்தது.

வாரன் சற்று நேரம் பேசவில்லை. நான் எடுத்துக் கொடுக்கவில்லை.

"தமிழில் சொல்லுங்கள். அவள் சொன்னது மாதிரியே. எனக்கு நாற்பத்தோரு வாக்கியம் தெரியும், இன்னொன்றுக்கு இடம் இருக்கிறது" என்றார்.

புத்தகத்தில் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, பேனாவோடு காத்திருந்தார். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, தாழ்ந்த குரலில், அவருக்குக் கேட்கும்படி சொன்னேன்.

"அவர் மறக்கலை. தெரிஞ்சுதான் நிக்கறார். நீங்க எடுத்துக் குடுத்துடாதேங்கோ."